கால் எட்டும் தண்ணீர் தேடி

அன்றைக்குக் கிணற்றடியில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் பெரியப்பா மகனான அண்ணன், கிணறுகளில் முங்கி மோட்டார்க் குழாயைச் சுத்தம் செய்து கொடுக்கிற ஆள் ஒருவர், பாறைக்குழிப் பக்கம் ஆடு மேய்க்கிற அம்மாள். மொத்தம் ஐந்து பேர். ஆடுகள் ஏழு. நான் தண்ணீருக்குள் போய்விட்டதால் மேலே நின்றவர்கள் நான்கு பேர். கொஞ்ச நேரத்தில் அது மூன்றாயிற்று. அந்த நான்கு மூன்றானது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லைக்குப் பக்கம். பேச்சும் பழக்கமும் கோயமுத்தூர்தான். வில்லேஜ் ஆபீஸ் காகிதம் மட்டும் மலையாளத்தில் வரும். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தமிழில் எழுதிய காகிதத்துக்கே பயப்படுவேன், மலையாளத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எனக்கு ஒன்றரை ஏக்கர் கரும்பு. அதற்குத் தண்ணீர், அண்ணனுக்கும் எனக்கும் பொதுவான கிணற்றிலிருந்து வர வேண்டும். என் அப்பாவும் பெரியப்பாவும் மோட்டார் வைத்தபோதே ஏற்பாடு பேசிவிட்டார்கள். நாலு நாள் அவர்களுக்கு, நாலு நாள் எங்களுக்கு. முறை தொடங்குகிற அன்று முறைக்காரன்தான் தன் பொறுப்பில் குழாயின் அடியில் இருக்கும் சல்லடை வால்வைச் சுத்தம் செய்ய வேண்டும். புட்வால்வு என்போம். அதில் பாசி அடைத்துக்கொண்டால் மேலே எத்தனை குடம் ஊற்றினாலும் குழாயில் தண்ணீர் நிற்காது. மோட்டார் வெறுமனே உறுமும். பகல் பன்னிரண்டு மணிக்குள் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் அன்றைய தண்ணீர் அடுத்தவருக்கு. அப்பா, பெரியப்பா இரண்டு பேருக்கும் நன்றாக நீச்சல் தெரியும். ஆகவே இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

அதற்குக் காரணம் ஒரு ஜோசியர். நான் பிறந்தபோது ஜாதகம் எழுதியவர், முப்பத்துமூன்று வயது வரைக்கும் எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். அம்மா என்னைக் கிணற்றுப் படியில்கூட உட்கார விடவில்லை. மற்ற பையன்கள் கிணற்றில் குதித்து விளையாடும்போது நான் அவர்களுடைய துணிகளுக்குக் காவல்.

அப்பா இருந்தவரை அவர் இறங்கினார். அவருக்குப் பிறகு, பக்கத்து ஊரிலிருந்து அந்த முங்குகிற ஆளை வரவழைத்துச் சமாளித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு ரூபாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை, மழை இரண்டு வருஷமாக ஏமாற்றியிருந்தது. எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் கீழே போய்விட்டதால் எல்லோருக்கும் அவர் வேண்டும். என் கிணற்றுக்கு அவர் வந்து சேரும்போது பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும்.

பன்னிரண்டு என்றால் யாருடைய பன்னிரண்டு? கைக்கடிகாரம் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. கிணற்று மேட்டில் வந்து நின்று கையைத் திருப்பிப் பார்ப்பார். காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாளில் பன்னிரண்டு மணி மில் சங்கு கேட்கும். அந்தச் சங்கு ஊதுவதற்குள் அண்ணன் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியிருக்கும். இதை நான் மூன்று தடவை கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். வால்வு அடைப்பது எப்போதும் என் முறை தொடங்கும்போதுதான். அண்ணன் முறையில் அடைத்ததே இல்லை. முங்குகிறவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏனுங்க, உள்ள யாராச்சும் எதையாச்சும் திணிச்ச மாதிரி இருக்குதுங்களா?"

"பாசிதானுங்க தம்பி. உங்க அண்ணன் நாலு நாள் ஓட்டித் தண்ணியெல்லாம் வடிஞ்ச பொறகுதானே உங்க மொறை வருது? அப்பத்தான் அடிச் சேறு எல்லாம் வந்து ஒட்டும்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் முறையும் என்னுடைய நாலு நாளுக்குப் பிறகுதானே வருகிறது என்று எனக்குள் ஓடிற்று. அதற்கும் அவரே பதில் சொன்னார். "நீங்க எங்கங்க நாலு நாள் ஓட்டறீங்க? ரெண்டு நாள்தானே ஓட்டறீங்க."

கரும்பு நுனி காய ஆரம்பித்தபோது அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"எதுக்குடா தம்பி இந்தப் பாடு? உன்ற மொறைய என்ற பேருக்கு எழுதிக் குடுத்துரு. நீ கேக்கறப்ப நானே தண்ணி உட்டுடறேன்."

"பாக்கலாங்ணா," என்றேன். எழுதிக் கொடுத்த பிறகு கேட்கிறவன் நான், விடுகிறவர் அவர். கரும்பு போய்விடும், பின்னாலேயே நிலமும் போய்விடும் என்று தோன்றியது.

அந்த வாரமே முங்குகிறவரிடம் கேட்டேன். "எனக்கு நீச்சல் பழக்கி உடறீங்களா?"

"உங்களுக்குங்களா? வயசென்ன ஆச்சுங்க?"

"முப்பத்துமூணு நடக்குது."

"பழக்கலாங்க. எருமைக்கென்ன பள்ளிக்கொடத்துலயா சொல்லிக் குடுத்தாங்க?" என்று சிரித்தார். "ஆனா எடத்த நீங்களே பாருங்க. மொதல்ல கால் எட்டோணும். பொறகு எட்டக் கூடாது. அப்படி ஒரு தண்ணி வேணும்."

அவர் உடனே ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. நான் நீச்சல் பழகினால் அவருக்கு என்னிடமிருந்து வருகிற இரண்டு ரூபாய் நின்றுபோகும். தன் பிழைப்பில் தானே மண் போட்டுக்கொள்கிற ஆள் உண்டா? அண்ணன் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பாரோ? தவிர, ஜோசியர் முப்பத்துமூன்று வரைக்கும் என்றது முடிந்த வயதா, நடக்கிற வயதா? கேட்கலாம் என்றால் ஜோசியர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

வேறு வழியும் இல்லை. தண்ணீர் தேடக் கிளம்பினேன். அண்ணனுக்குத் தெரிந்தால் ஏற்பாட்டில் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிடுவார் என்பதால் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அவள் கண்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஆகவே அவளிடமும் சொல்லவில்லை.

எங்கள் கிணறு உதவாது. கடைசிப் படியை விட்டால் நேராக இரண்டு ஆள் ஆழம். ஊர்க்குளத்தில் சேறுதான் மிச்சம் இருந்தது. கனால் கரைக்கு நாலு நாள் தொடர்ந்து போனேன். தண்ணீர் மேலே சாதுவாகப் போகும், குச்சியை விட்டுப் பார்த்தால் அடியில் பிடுங்கும். ஷட்டரைக் காவல் காக்கிற லஸ்கர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி எப்பத் தொறப்பாங்க, எப்ப அடைப்பாங்க?" என்று கேட்டேன்.

"அது எஞ்சினீயருக்கே தெரியாது. நீ எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதானுங்க."

"சும்மா கேக்கறவன் ஒரு நாள் வருவான். நாலு நாள் வர மாட்டான்." சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மலையாளத்தில் எதையோ எழுதினார். என் பெயரைத்தான் எழுதினாரோ என்று பயந்து, அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறி பாலக்காட்டுக்குப் போனேன். கல்பாத்தியில் ஆற்றுக்குப் படி கட்டியிருக்கிறது, படிப்படியாக இறங்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். படி இருந்தது. தண்ணீர்தான் படிக்கு வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டி நடந்து பார்த்தேன். குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் கூப்பிட்டார்.

"யாருன்னு தெரியலையே. ஆரையாவது தேடறேளா?"

"இல்லீங்க. தண்ணி எத்தனை ஆழம்னு பாக்க வந்தேன்."

"ஆழமா?" என்று ஆற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இப்போ காக்கா குளிச்சா காலோட சரி. ஆழத்துக்கு ஜூன் மாச எடவப்பாதி மழை கழிஞ்சு வாங்கோ." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆத்துல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றார். அவர் எதற்குக் குடும்பத்தை விசாரித்தார் என்று பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்.

கடைசியில் என் தண்ணீர் மூன்று மைலில் இருந்தது. கல் உடைத்து முடித்து விட்டுப்போன பாறைக்குழி. மூன்று பக்கம் செங்குத்து. நாலாவது பக்கம் லாரி இறங்கிக் கல் ஏற்றுவதற்காகச் சரித்து வெட்டியிருந்தார்கள். அந்தச் சரிவில் நடந்தால் கணுக்கால், முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். முதலில் கால் எட்டும், பிறகு எட்டாது. எனக்காகவே வெட்டிவைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு வாகாக ஒரு தண்ணீர் எனக்கு எதற்காகக் கிடைக்க வேண்டும்?

ஏன் அங்கே யாரும் குளிப்பதில்லை? வெடிக்காமல் நின்ற தோட்டா ஏதாவது அடியில் கிடக்குமோ? கம்பி நீட்டிக்கொண்டிருக்குமோ? எட்டு நாள் போய்ப் பார்த்தேன். கல் எறிந்தேன். மூங்கிலால் அளந்தேன். வெறுமனே உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருத்தி எட்டாவது நாள் கிட்டத்தில் வந்தாள்.

"ஏனுங் சாமி, தெனமும் வந்து தண்ணியப் பாத்துட்டுப் போறீங்களே. ஊட்டுல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. இதுல யாராச்சும் உழுந்து செத்திருக்காங்களா?"

அவள் முகம் மாறிவிட்டது. "அப்படிக் கேக்காதீங் சாமி. எத்தனை கஷ்டம் வந்தாலும் பொழுது விடியாமயா போயிரும்?" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேகமாகப் போனாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகிறாளே, எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிகாலையில், ஆடுகள் வருவதற்கு முன்பே, முங்குகிறவர் மிதவைக்கு இரண்டு காய்ந்த சுரைப்புருடைகளோடு பாறைக்குழிக்கு வந்தார். முதுகில் வைத்து மார்போடு கயிற்றால் கட்டினார். மார்பளவுத் தண்ணீரில் நின்று, என் வயிற்றுக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துக் கால் அடிக்கச் சொன்னார். எனக்கு நினைப்பெல்லாம் அந்தக் கையில்தான்.

"கைய எடுத்துறாதீங்க."

"எடுக்க மாட்டனுங்க."

"எடுத்துட்டீங்களா?"

சில சமயம் பதிலே வராது. காதில் எப்போதும் எண்ணெய் நனைத்த பஞ்சு வைத்திருப்பார். வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருக்கிறார் என்றுதான் நான் எண்ணினேன். ஒரு நாள் புருடையை அவிழ்த்துவிட்டு வழக்கம்போல் கையைக் கொடுத்தார். "எடுத்துட்டீங்களா?" என்று கத்தினேன். "இல்லீங்க, இருக்குதுங்க," என்றார். அந்தக் குரல் பத்தடி பின்னாலிருந்து வந்தது. சந்தேகப்பட்டது சரிதான் என்ற கோபத்தில் கையைக் காலை அடித்தேன், கரைக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாள் முங்கப் பழக்கினார்.

இதற்குள் வீட்டில் விசித்திரமான காரியங்கள் நடந்தன. பயிருக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பா காணாமல் போயிற்று. பிறகு மாட்டுக் கொட்டகையில் இருந்த கயிறுகள் காணவில்லை. அண்ணன்தான் ஆள் வைத்து எடுக்கிறார் என்று நினைத்தேன். மனைவி நான் போகிற இடமெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்தாள். "வக்கீல்கிட்ட என்னதானுங்க எழுதினீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் எழுதலை," என்றால் அழுதாள். எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணன் அன்பாகிவிட்டார். அவர் வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. "கடன்கிடன் இருந்தா மனசுக்குள்ள வெச்சுக்காதே, சொல்லிரு," என்று தோளில் கை போட்டார். தண்ணீர் முறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்காமல் எழுதி வாங்கப் பார்க்கிறார் என்று நான் இன்னும் உஷாரானேன்.

அந்த முறை தொடங்குகிற நாள் வந்தது. முங்குகிறவர் அன்றைக்கு ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு துணிமூட்டை.

"தம்பி, இன்னிக்கு நான் எறங்கலைங்க. நீங்க எறங்குங்க."

"நானா?"

காதிலிருந்த பஞ்சை எடுத்துக் காட்டினார். ரத்தம் இருந்தது. "இனி முங்குனா காது போயிரும்னு டாக்டர் சொல்லி ரெண்டு மாசம் ஆச்சுங்க. வெளிய தெரிஞ்சா யாரும் கூப்புட மாட்டாங்கன்னு சொல்லலை. வண்டன்மேட்டுல தங்கச்சி ஏலத்தோட்டத்துல இருக்கறா, அங்க போயிடறேன். அந்தப் பக்கம் இப்படிக் கெணறு இல்லீங்க. எனக்குப் பொறகு உங்களுக்கு யாரு எறங்குவாங்க? அதுக்குத்தான் பழக்கி உட்டேன்."

ஒன்றரை மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த சூது இவ்வளவுதான்.

ஆனாலும் உடனே இறங்கிவிடவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை படியில் உட்கார்ந்தேன், எழுந்தேன். பாறைக்குழியில் வெளிச்சம் உண்டு; இங்கே தண்ணீர் கறுப்பாக இருந்தது. சட்டையைக் கழற்றி மடித்தேன். வேட்டியை மடித்து அதன்மேல் வைத்து, காற்றில் போகாமல் ஒரு கல்லை ஏற்றினேன். பணப்பையைக் கல்லுக்கடியில் செருகினேன். கோவணத்தோடு கடைசிப் படிக்கு இறங்கி, குலதெய்வத்தை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். மேலே யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். விளிம்பில் அண்ணன், அவருக்குப் பின்னால் என் மனைவி, ஆட்டுக்கார அம்மாள், அவள் பின்னாலேயே ஏழு ஆடுகள்.

"டேய், வேண்டான்டா! சித்தெ நில்லுடா!" என்று அண்ணன் கத்தினார்.

பன்னிரண்டு ஆகும்வரை என்னை நிறுத்திவைக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். உடனே குதித்துவிட்டேன்.

குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். காது அடைத்தது. சல்லடை கையில் பட்டது; மெத்தென்று பாசியும் நாரும். பிடுங்கினேன். இன்னொரு பிடி பிடுங்கும்போது மேலே தண்ணீர் அதிர்ந்தது. ஒரு கை வந்து என் தலைமுடியைக் கொத்தாகப் பற்றியது. கொல்ல வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். யாரும் பார்க்காத இடம் தண்ணீருக்கடிதானே. அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதையில் பல் பதியக் கடித்தேன்.

இரண்டு பேரும் ஒன்றாக மேலே வந்தோம்.

"கடிக்கறான்! சாகப் போறவன் கடிக்கறான்!" என்று அண்ணன் அலறினார்.

"யாருங்ணா சாகப் போறது?"

"பொறகு எதுக்குடா ஊர்ல இருக்கற தண்ணியெல்லாம் பாத்துட்டுத் திரிஞ்சே?"

"நீச்சல் பழகத்தானுங்ணா."

மேலே ஒரு ஆடு கத்தியது. மனைவி படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள்தான் மருந்து டப்பாவையும் கயிறுகளையும் அண்ணன் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அதச் சொல்றதுக்கென்னங் சாமி?" என்றாள் ஆட்டுக்கார அம்மாள். "பாறைக்குழியில பாத்ததை உங்க ஊட்டுல அன்னைக்கே சொல்லி வெச்சனுங். இன்னைக்குத்தான்னு மனசுல பட்டு, நாலு காடு தாண்டி ஆட்ட ஓட்டிட்டு ஓடியாந்தனே!"

முங்குகிறவர் ஒன்றும் கேட்காதவர்போல் குழாயில் குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது குடத்தில் தண்ணீர் நின்றது. மோட்டாரைப் போட்டார். அது இருமியது, பிறகு வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது.

அண்ணன் சட்டை வேட்டியோடு சொட்டச் சொட்ட நின்று பழக்கத்தில் கையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் ஆடியது. முள் பதினொன்று நாற்பத்திரண்டில் நின்றிருந்தது.

"பன்னண்டு ஆகலைங்ணா," என்றேன்.

"ஆகலை. இனி இதுல ஆகவும் ஆகாது," என்றார். "ஓட்டு."

நான் வாய்க்காலை மாற்றிவிட்டுத் திரும்பி வருவதற்குள் முங்குகிறவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றன்றைய கூலியை அன்றன்றைக்கே வாங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கு நான் பாக்கி வைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் கரும்பு முக்கால்வாசி தப்பியது. முறையை எழுதிக் கொடு என்று அண்ணன் அதற்குப் பிறகு கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று கொஞ்ச காலம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முடியைப் பிடித்த அந்தக் கை என்னை மேலே இழுத்ததா, கீழே அழுத்தியதா என்றும் பல தடவை யோசித்திருக்கிறேன். நீச்சல் தெரிந்த பிறகு இந்த மாதிரி விஷயம் உடம்புக்கே தெரிகிறது. மேலேதான் இழுத்தது.

கடிகாரத்தை டவுனில் கொடுத்துச் சரிசெய்ய முப்பத்தெட்டு ரூபாய் ஆயிற்று. நான்தான் கொடுக்க வேண்டும் என்றார். "கடிச்சதுக்குத் தனியாக் கேக்கலையேன்னு சந்தோசப்படு," என்று கட்டைவிரலின் அடியைக் காட்டினார். பல் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. இருபது ரூபாய் கொடுத்தேன். மீதியைக் கொடுக்க மனம் வரவில்லை. குதிக்கும்போது அவர் அதைக் கழற்றக்கூட நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கடிகாரம் சங்குக்குப் பத்து நிமிஷம் முந்தி ஓடியது. எத்தனை நாள் என் தண்ணீரைத் தின்றிருக்கிறது? சரியாகவே ஓடாத ஒன்றைச் சரிசெய்ய நான் ஏன் முழுப் பணமும் கொடுக்க வேண்டும்? இதை அவரிடம் நேரில் சொல்ல இன்றுவரை தைரியம் வரவில்லை. முறை மாறுகிற ஒவ்வொரு நாளும் அவர் கேட்கிறார், நானும் பார்க்கலாம் என்கிறேன். பாக்கி பதினெட்டு ரூபாய்.